ராணிப்பேட்டை விஷக் குவியல்

பழைய தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற விஷ நிலங்களைக் கண்டுபிடித்துப் பரிசோதித்துச் சுத்தம் செய்வதற்கென்று மத்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தனி விதிகளைப் பிரசுரம் செய்தார்கள். தேசமெங்கும் 103 இடங்கள் இவ்வாறு கெட்டுக் கிடப்பதாகவும், அவற்றுள் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பமானவை ஏழே இடங்கள் என்றும் அச்சமயத்தில் வெளியான கணக்கு சொல்லிற்று. நூற்றுமூன்றில் ஏழு! நோயாளிகள் நூற்றுமூவர் படுத்திருக்கும் வைத்தியசாலையில் எழுவருக்கு மட்டும் மருந்து கொடுக்கப்படுகிறதென்றால், மற்றவர்களுடைய உறவினர் சும்மா இருப்பார்களா? நிலத்துக்கு உறவினர் இல்லை என்று எண்ணிவிட்டோம் போலும். விதிகள் வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் உள்ள விதி கிணற்றிலுள்ள தண்ணீரை மாற்றாது. அதை மாற்றவேண்டிய கடமை யாருடையது, எங்கிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்பதை நம் நாட்டிலேயே கண்ணெதிரே கிடக்கும் ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம். அவ்வுதாரணம் ராணிப்பேட்டை.

பாலாற்றங்கரை ஜில்லாக்களில் தோல் பதனிடும் தொழில் நெடுநாளாக நடந்துவருவதை வாசகர்கள் அறிவார்கள். அத்தொழிலுக்கு இக்காலத்தில் இன்றியமையாத பொருள் குரோமிய உப்பு. அந்த உப்பையும் அதைச் சேர்ந்த ரசாயனங்களையும் உள்ளூரிலேயே செய்வதற்காக, சர்க்கார் ஸ்தாபனமாகிய சிப்காட் அமைத்த ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், 1970-களின் நடுவில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் கம்பெனி ஆலை வைத்தது. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த ஆலை ஓடிற்று. 1990-களின் நடுவில் நின்றுபோயிற்று. சரக்கு விற்று முடிந்தது. லாபமோ நஷ்டமோ கணக்கும் முடிந்தது. முடியாமல் நின்றது ஒன்றுதான். இருபது வருஷம் ஆலை கக்கிய கசடு, மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குத் திறந்த வெளியில் மலைபோல் குவிந்து நின்றது. மேலே கூரையில்லை, கீழே தளமில்லை. வெயிலுக்கு உலர்ந்து தூசியாயிற்று. மழைக்கு நனைந்து மஞ்சள் நீராய் வழிந்தது.

இந்தக் கசடு என்ன வஸ்து என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் கொடுமை விளங்கும். குரோமைட் என்னும் தாதுக்கல்லைப் பொடி செய்து, சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் கூட்டி உலையில் வறுப்பார்கள். அந்தச் சூட்டில் கல்லிலுள்ள குரோமியம் நீரில் கரையும் உப்பாக மாறும். பிறகு தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு, கரையாத சக்கையை வெளியே தள்ளுவார்கள். ஆனால் எவ்வளவு கழுவினாலும் சக்கையினுள்ளே உப்பு கொஞ்சம் தங்கியே நிற்கும். குரோமியத்தில் இரண்டு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலைக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகமாக நகராது, தீங்கும் குறைவு. ஆறாம் நிலைக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து ஓடும். அதன் தூசியை வருஷக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாகும். அதில் வேலை செய்வோரின் தோலில் ஆறாத புண் தோன்றும்; மூக்கின் நடுத்தண்டு துளைபட்டுப்போகும். உலையிலிருந்து வந்த சக்கையில் எஞ்சியிருப்பது இந்த ஆறாம் நிலை விஷமே. சக்கை சுண்ணாம்புச் சத்து மிகுந்ததாகையால், உள்ளே அகப்பட்ட விஷம் ஒரே மழையில் கழுவிப்போய்விடாது. ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆலை இருபது வருஷம் ஓடினால், அதன் சக்கை நூறு வருஷம் ஓடும்.

இது வாய்ப்பேச்சன்று. ஸ்காத்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகில் ரதர்கிளென் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரம்பித்த குரோமிய ஆலை ஒன்று 1968-ல் மூடப்பட்டது. அதன் சக்கையைப் பள்ளம் நிரப்பச் சுற்றுப்புறமெங்கும் கொட்டியிருந்தார்கள். மூடி அரை நூற்றாண்டு சென்ற பிறகு, 2019-ல், அவ்விடத்து ஓடையொன்று பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சை நிறமாக ஓடிற்று. தாத்தா காலத்துக் கழிவு பேரன் காலத்து ஓடையில் நிறம் காட்டிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த பிரிட்டனிலேயே இதுதான் கதி என்றால், காலம் கடத்தினால் தானே சரியாகிவிடும் என்று நாம் நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

ராணிப்பேட்டையில் நடந்ததும் இதுவே. ஹைதராபாத்திலுள்ள தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். குவியலை அடுத்த இடங்களில் ஊற்று நீரிலே குரோமியம், குடிநீருக்கு விதித்த எல்லையைப்போல் பல நூறு மடங்குக்கு மேல் இருந்தது. எல்லை எவ்வளவு? ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. அந்தப் பிரதேசத்தின் அடித்தளம் கருங்கல். கல்லிலே விரிசல்கள் உண்டு. விரிசல் சென்ற வழியே நீரும் செல்லும். நீர் சென்ற வழியே விஷமும் செல்லும். இந்தக் கிணறு நல்லதாயிருக்க அடுத்த கிணறு கெட்டிருக்கும். சில மைல் தூரத்தில் பாலாறு கிடக்கிறது. கிராமங்களுக்கும் பட்டணங்களுக்கும் ஊற்று நீர் கொடுக்கும் அந்த ஆறு தோல் சாலைக் கழிவால் ஏற்கெனவே நொந்திருப்பது. அதன் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது. 2006-ம் வருஷம் அமெரிக்காவிலுள்ள பிளாக்ஸ்மித் ஸ்தாபனத்தார் உலகத்தில் மிகவும் கெட்டுப்போன பத்து இடங்களின் ஜாபிதாவை வெளியிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. இப்படிப்பட்ட கியாதி எந்த ஊருக்கும் வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். அந்த வெளிநாட்டு ஜாபிதாவில் குவியலின் எடை 15 லட்சம் டன் என்று கண்டிருந்தது. அதே வாக்கியத்தில் குவியல் கிடக்கும் இடம் 2 ஹெக்டேர், உயரம் மூன்று முதல் ஐந்து மீட்டர் என்றும் கண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஹெக்டேர் என்பது இருபதினாயிரம் சதுர மீட்டர். ஐந்து மீட்டர் உயரத்துக்கு முழுவதும் நிரம்பியிருந்தாலும் ஒரு லட்சம் கன மீட்டர்தான் ஆகும். கன மீட்டர் ஒன்றுக்கு இரண்டு டன் என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் போகாது. பதினைந்து லட்சம் எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சியாளர் சிலர் ஒன்றரை லட்சம் டன் என்றனர். பின்னர் வழக்குகளிலும் பத்திரிகைகளிலும் சுமார் இரண்டேகால் லட்சம் டன் என்ற தொகை வழங்கலாயிற்று. ஒரே குவியலுக்கு இத்தனை எடை! மிகைப்படுத்துகிறவர்கள் ஜனங்களுக்கு உபகாரம் செய்வதாக எண்ணலாம். உண்மையில் அபகாரமே செய்கிறார்கள். தொகை மலைபோல் இருந்தால் உத்தியோகஸ்தர் கைவிரித்துவிடுவார். தொகை சிறிதாயிருந்தால் தூங்கிவிடுவார். அளவு தெரியாத வேலைக்கு மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாத வேலைக்குப் பணம் ஒதுக்க முடியாது. ஆகவே சுத்தம் செய்வதின் முதற்படி சுத்தமாக அளப்பதே. குவியலை மட்டும் அளந்தால் போதாது. அதன் கீழே விஷம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எந்தத் திக்கில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மழைக்கு முன் எப்படி, மழைக்குப் பின் எப்படி என்பனவெல்லாம் அளக்கப்பட வேண்டும்.

அளந்த பிறகு செய்யவேண்டியது இன்னதென்பது தெரியாத ரகசியமல்ல. அன்னபேதி போன்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு மாறும். கசடைத் தோண்டி எடுத்து இவ்வாறு பக்குவப்படுத்தி, அடியிலும் மேலிலும் நீர் புகாத உறையிட்ட குழியில் அடக்கலாம். கெட்ட ஊற்று நீரை இறைத்துச் சுத்தி செய்யலாம். அது பரவும் வழியில் நிலத்துக்குள் தடுப்பு வைக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த சக்கையில் இவ்வேலை எளிதன்று. ஒரு தடவை மருந்திட்ட பின்னும் விஷம் மறுபடி தலைகாட்டுவதுண்டு. ஆகையால் வேலை முடிந்த பிறகும் பல வருஷம் கிணறுகளைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மண்ணைப் பரப்பிப் புல் முளைக்கவைத்துப் படம் பிடித்துக்கொள்வது சுத்தம் செய்தலாகாது. பிணத்துக்குப் பட்டுப் போர்த்துவதற்கே ஒப்பாகும்.

வழி தெரிந்திருந்தும் முப்பது வருஷமாக என்ன நடந்தது? ஆராய்ச்சிகள் நடந்தன, அறிக்கைகள் வந்தன, திட்டங்கள் தயாராயின, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. ஆயினும் விஷம் நீங்கிய நிலமாக அவ்விடத்தை ஊராரிடம் ஒப்படைத்தார்கள் என்ற செய்தி மட்டும் நம் காதுக்கு எட்டவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "மாசு செய்தவனே செலவைக் கொடுக்க வேண்டும்" என்ற தர்மத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாகச் சுப்ரீம் கோர்ட்டார் விரிவாக நிலைநாட்டிய தீர்ப்பு இதே பாலாற்றங்கரைத் தோல் சாலைகளைப் பற்றிய வழக்கில் பிறந்தது. வேலூர் ஜனங்கள் சங்கமாகச் சேர்ந்து தொடுத்த அவ்வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்புச் சொல்லப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் ராணிப்பேட்டை ஆலை மூடிக்கிடந்தது. தர்மம் பிறந்த ஊரிலேயே தர்மம் நடக்கவில்லை. அதே ஆற்றுப் பிரதேசத்தின் குறை தீராமல், 2025-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் மறுபடியும் உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு ஒரு தீர்ப்பு என்றால், தண்ணீர் குடிக்கும் ஜனங்கள் எத்தனை தலைமுறை காத்திருப்பது?

செலவு யாருடையது என்ற கேள்விதான் எல்லாத் தாமதத்துக்கும் வேர். கம்பெனி நொடித்துவிட்டது, முதலாளி போய்விட்டார், பாங்கிக்குக் கடன் பாக்கி, நிலம் வழக்கில், எனவே விஷத்துக்கு உடையவர் இல்லை என்று கைகழுவுகிறார்கள். ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகிலுள்ள பிச்ரி கிராமத்தின் கதை இதற்கு விடை சொல்லும். அங்கே சாயத் தொழிலுக்கான அமிலம் செய்த ஆலைகள் சில காலமே ஓடிச் சுமார் 2,400 டன் விஷச் சேற்றை விட்டுச்சென்றன. ஊர்க் கிணறுகள் கறுத்துப்போயின. 1996-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டார், சுத்தம் செய்யும் செலவு முழுதையும் அவ்வாலை முதலாளிகளே கொடுக்க வேண்டுமென்று தீர்த்தனர். செலவு 37 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. முதலாளிகள் மனுவுக்கு மேல் மனுப் போட்டுப் பதினைந்து வருஷம் இழுத்தடித்தார்கள். 2011-ல் கோர்ட்டார் பொறுமையிழந்து, தாமதித்த காலத்துக்கெல்லாம் கூட்டு வட்டியும் சேர்த்துக் கட்டும்படி உத்தரவிட்டனர். தாமதமே லாபம் என்றிருக்கும் வரையில் எவரும் சுத்தம் செய்யமாட்டார். தாமதமே நஷ்டம் என்று ஆக்கிய அந்தத் தீர்ப்பின் கருத்தை ஒவ்வொரு விஷ நிலத்துக்கும் பிரயோகிக்க வேண்டும்.

இனி, எடுத்த விஷத்தை எங்கே கொண்டுபோவது என்பது மற்றொரு கேள்வி. 1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு போபாலில் நடந்த பாதகத்தை உலகம் மறக்கவில்லை. அந்த ஆலைக்குள்ளே கிடந்த விஷக் கழிவில் 337 டன்னை நாற்பது வருஷம் கழித்து, ஐகோர்ட்டு கடிந்துகொண்ட பிறகு, 2025-ம் வருஷம் பிறந்த நாளிரவில் பன்னிரண்டு லாரிகளில் ஏற்றி, சுமார் 250 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பீதம்பூருக்குக் கொண்டுசென்றார்கள். பீதம்பூர் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்கள் ஊருக்கு ஏன்?" என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி, பரிசோதனை முடிவுகளைக் காட்டி, சம்மதம் பெறவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் ஜூன் மாத முடிவுக்குள் கழிவு எரிக்கப்பட்டது. சுண்ணாம்பு முதலியன சேர்ந்ததால் மிஞ்சிய சாம்பலும் கசடும் எரித்த கழிவைவிட எடை கூடி நின்றன. அதை எங்கே புதைப்பது என்று அடுத்த விவகாரம் கிளம்பிற்று. போபாலிலோ, ஆலையைச் சுற்றிலுமுள்ள லட்சக்கணக்கான டன் கெட்ட மண்ணும் ஊற்று நீரும் அப்படியே கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த மூட்டைகளை அகற்றிவிட்டுக் காரியம் முடிந்ததென்று சொல்வதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நம் கொடைக்கானலைப் பாருங்கள். பாதரச உஷ்ணமானி செய்த அந்நியக் கம்பெனியின் ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை ஊரில் பழைய சாமான் கடையொன்றில் ஜனங்கள் கண்டுபிடித்ததனால் அது நடந்தது. உத்தியோகஸ்தர் கண்டுபிடிக்கவில்லை, தொழிலாளரும் ஊராரும் கண்டுபிடித்தார்கள். 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. அந்நியர் இங்கே கொட்டியதை அந்நிய நாட்டுக்கே அனுப்பிய அந்தக் காரியம் சாமானியமானதன்று. தொழிலாளர் 591 பேருக்குச் சமரசமாகப் பரிகாரம் கிடைக்க 2016 வரை ஆயிற்று. ஆனால் ஆலை நிலத்து மண்ணை எவ்வளவு சுத்தமாக்குவது என்பதில் வாதம் வளர்ந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அதிகாரிகள் ஏற்ற அளவு, சோலையும் நீர்நிலையும் சூழ்ந்த மலைக்குப் போதாது என்று ஊரார் வாதாடினர். எவ்வளவு விஷம் மிஞ்சலாம் என்பதைத் தீர்மானிக்கும்போது, அந்த மண்ணில் வாழப்போகிறவனுடைய குரலும் கேட்கப்பட வேண்டாமா?

கேட்கும்படி செய்யவும் முடியும். அமெரிக்காவில் நியூஜெர்ஸி நகரங்களிலும் ராணிப்பேட்டையில் உள்ளது போன்ற அதே குரோமியச் சக்கை ஏராளமாகக் கொட்டப்பட்டிருந்தது. ஜெர்ஸி நகரத்தில் பல மதத்துக் கோயில்களைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து வழக்காடினர். 2003-ல் அங்கேயுள்ள நியாயஸ்தலம், பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கையையும் மூடிவைக்காமல் தோண்டி அப்புறப்படுத்தும்படி பெரிய கம்பெனியொன்றுக்கு உத்தரவிட்டது. ராணிப்பேட்டைக் குவியல் அதில் நாலில் ஒரு பங்குகூட இராது. ஆகவே இது மனிதசக்திக்கு மேற்பட்ட வேலை என்ற பேச்சு செல்லாது.

இப்போது புதிய விதிகளுக்கு வருவோம். சந்தேகத்துக்குரிய இடங்களை ஸ்தல ஸ்தாபனமோ ஜில்லா நிர்வாகமோ கண்டறிந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜாபிதா அனுப்பவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொண்ணூறு நாளில் முதற்பரிசோதனையும், அதன்மேல் மூன்று மாதத்தில் விரிவான பரிசோதனையும் நடத்தவேண்டும். 189 வகை விஷப்பொருள்களுக்கு எல்லை அளவுகள் உண்டு. அளவு மீறினால் அவ்விடத்தைப் பகிரங்கமாக அறிவித்து, ஜனங்கள் நடமாட்டத்தைத் தடுக்கவேண்டும். குற்றவாளியைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்கவேண்டும். அவர் அகப்படாவிட்டால் சர்க்கார்களே செலவை ஏற்கவேண்டும். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்கெல்லாம் நாள் குறித்த விதி, சுத்தம் செய்து முடிப்பதற்கு நாள் குறிக்கவில்லை. கலியாணத்துக்குப் பெண் பார்க்கவும் நிச்சயம் பண்ணவும் நாள் வைத்துவிட்டு முகூர்த்தத்துக்கு மட்டும் நாள் வைக்காமல் விட்டது போல இது இருக்கிறது. ராணிப்பேட்டையின் முப்பது வருஷம் இந்த ஓட்டை வழியாகவே ஒழுகிப்போயிற்று. ஒவ்வோர் இடத்துக்கும் வேலை முடியும் தேதியைத் திட்டத்திலேயே எழுதி, தவறினால் பொறுப்பாளருக்கு அபராதமும் வட்டியும் விதிக்கத் தமிழ்நாட்டு சர்க்கார் முன்வர வேண்டும்.

"இப்படியெல்லாம் பேசினால் கைத்தொழில் எப்படி வளரும்?" என்று சிலர் கேட்பார்கள். நாம் கைத்தொழிலுக்கு விரோதிகளல்ல. நம் நாட்டில் நம் கையால் எல்லாப் பொருள்களும் உற்பத்தியாக வேண்டும் என்பதே நமது கொள்கை. ஆனால் சரக்கின் விலையில் கழிவை அடக்கும் செலவும் சேரவேண்டும். சேராவிட்டால் அந்தச் செலவைக் கிணறு கெட்ட குடியானவனும், தூசி குடித்த தொழிலாளியும், காசு கொடுத்துக் குடிநீர் வாங்கும் ஏழைத் தாயும் கட்டுகிறார்கள். இது கைத்தொழில் அபிவிருத்தியன்று. ஏழைகளிடமிருந்து வசூலிக்கும் மறைமுக வரி. 2015-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அதே ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்தவர்களைக் கழிவு மூழ்கடித்தது. ஆகையால் பழைய குவியலை அகற்றும் வேலையிலும் தொழிலாளருக்கு முகமூடி, கையுறை, வைத்தியப் பரிசோதனை ஆகியவை ஏற்படாமல் ஒரு மண்வெட்டிகூட எடுக்கக் கூடாது. புதிதாக ஆலை வைப்பவர், மூடும் காலத்துச் சுத்திச் செலவுக்காக ஆரம்பத்திலேயே ஈட்டுத் தொகை கட்டவேண்டும் என்றும் நாம் யோசனை கூறுகிறோம். வீட்டை வாடகைக்கு விடுகிறவன்கூட முன்பணம் வாங்குகிறான். ஊர் நிலத்தையும் நீரையும் ஒப்படைக்கும் சர்க்கார் வாங்கக் கூடாதா?

ராணிப்பேட்டை எங்கே, நாம் எங்கே என்று புதுக்கோட்டை ஜில்லா வாசகர்கள் எண்ணலாம். பழமையான மாதா கோயிலால் பெயர்பெற்ற ஆவூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே விஷக் குவியல் இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து மாத்தூரில் தொழிற்பேட்டை உண்டு. புதுக்கோட்டைச் சீமையோ பெரிய நதியை நம்பியதன்று. மழையையும் ஏரி, குளம், கண்மாய்களையும் நம்பியது. ஆற்றங்கரையில் கெட்டுப்போன நீரை வெள்ளம் வந்து கொஞ்சமாவது அடித்துச் செல்லும். குளத்தில் கெட்டது குளத்திலேயே தங்கும். ஆகவே இப்படிப்பட்ட ஊர்களே முந்திக்கொள்ள வேண்டும். விஷம் கிணற்றில் நிறம் காட்டிய பிறகு தேடுவது ராணிப்பேட்டை வழி. காட்டுமுன் தேடுவது புத்திசாலிகள் வழி.

எப்படித் தேடுவது? ஜில்லாக் கலெக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அனுப்பும் ஜாபிதாவில் தங்கள் வட்டாரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஜனங்கள் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். மூடிய ஆலைகளில் வேலை பார்த்த முதியவர்களை விசாரித்து, எங்கே எதைக் கொட்டினார்கள் என்று எழுதி வைக்கலாம். புல் முளைக்காத திட்டு, மழையில் நிறம் மாறும் வாய்க்கால், கால்நடை வாய்வைக்காத குட்டை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். சந்தேகம் உள்ள இடத்துக்கு மேட்டுப்புறத்துக் கிணறு ஒன்றும் பள்ளப்புறத்துக் கிணறுகள் சிலவும் பரிசோதிக்கப்பட வேண்டுமென்று கோரலாம். மேட்டில் நல்ல நீரும் பள்ளத்தில் கெட்ட நீரும் இருந்தால் நடுவில் இருப்பதே குற்றவாளி என்பதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. இவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றலாம். மார்ச் 22-ந் தேதி தண்ணீர் தினத்தன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர் விஷயம் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? பரிசோதனை முடிவுகள் ஆங்கில எழுத்தில் பீரோவுக்குள் உறங்காமல், தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கட்சிப் பிணக்கும் ஜாதிப் பிணக்கும் இதில் நுழையலாகாது. ஊற்று நீர் எந்தத் தெருவையும் வேற்றுமை பார்த்துப் பாய்வதில்லை.

சர்க்காருக்கு நாம் சொல்வது இதுதான். ராணிப்பேட்டையை முதல் காரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். குவியலையும் அதன் கீழுள்ள மண்ணையும் ஊற்றையும் நேர்மையாக அளந்து ஒரே கணக்கை வெளியிடுங்கள். முடிக்கும் தேதியைச் சொல்லுங்கள். வசூலிக்க முடிந்தவரிடம் வசூலியுங்கள்; வசூல் ஆகும்வரை வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். ஓர் ஊர்ப் பாவத்தை இன்னோர் ஊர்த் தலையில் சுமத்தாதீர்கள். வேலை முடிந்தது என்று சொல்லும் நாளில், அறிக்கையைக் காட்டாமல் அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீரைக் காட்டுங்கள்.

ஜனங்களுக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கம். கொடைக்கானலில் கண்ணாடித் துண்டைக் கண்டுபிடித்தவர்களும், வேலூரில் வழக்காடியவர்களும் உங்களைப் போன்றவர்களே. ஆலையின் கதவு அடைபட்டதனால் ஊரின் கடமை அடைபட்டுவிடாது. கேளுங்கள், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பாரற்ற நிலத்தில்தான் விஷம் குவிகிறது.